நண்பகலில் கிடைக்கும் நிழல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியில் வசிக்கிறேன். வரும் ஆகஸ்டில் மனைவி, ஒன்பதும் ஆறும் வயதான இரு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா ஆகியோருடன் போர்ச்சுகலின் தென்கரையான அல்கார்வுக்கு 6 நாள் பயணம் போகிறேன். அதிக மதிப்பீடு பெற்ற 14 கடற்கரைகளைப் பட்டியலிட்டிருக்கிறேன் (இணைத்துள்ளேன்). எந்த வரிசையில் போனால் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கலாம்? நீலக் கொடி பெற்ற கடற்கரைகளை மட்டும் நம்பலாமா? பெனகில் குகையை எந்த நேரத்தில் படமெடுத்தால் நன்றாக வரும்? அம்மாவுக்கு முழங்கால் வலி, படி இறங்க முடியாது. அதனால் அவரை விடுதியிலேயே விட்டுவிட்டுப் போய்வர நினைக்கிறோம். நீங்கள் அந்தக் கரையில் இருந்திருப்பதாக எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் பட்டியலைப் படித்தேன். உழைத்துச் செய்திருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. ஆனால் 14 பெயர்களுக்கும் நேரே மதிப்பீடும் தூரமும் கார் நிறுத்துமிடமும் எழுதிய நீங்கள், எதற்கு நேரேயும் எந்த நேரத்தில் போவது என்பதைக் குறிக்கவில்லை. அந்தக் கரையில் கடற்கரை என்பது ஓர் இடம் மட்டுமன்று. அந்த இடமும் அந்த நாளின் ஓதமும், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கமும், காற்றும் சேர்ந்ததே கடற்கரை. காலை பத்து மணிக்கு நூறு குடும்பங்கள் தாராளமாக அமரக்கூடிய ஒரு சிறு விரிகுடா, பிற்பகல் நான்கு மணிக்குப் பாறையடியில் ஒட்டிக்கிடக்கும் ஒரு கீற்று மணலாகிவிடும். எனவே உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆறு நாளில் பதினான்கு கடற்கரைகளுக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனால், அவர்களுக்கு நினைவில் நிற்கப்போவது காரின் பின்னிருக்கை மட்டும்தான்.

நீலக் கொடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீரின் தரம், உயிர்காப்பாளர், கழிப்பறை, குப்பை அகற்றுதல் போன்றவற்றைப் பார்த்துக் கொடுக்கப்படும் நல்ல சான்று அது. அல்கார்வின் மிகப் பல கடற்கரைகளில் அந்தக் கொடி பறக்கிறது. ஆனால் உங்கள் தலைக்கு மேலே என்ன நிற்கிறது என்பதை அது சொல்லாது. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவை உயிர்காப்பாளர் தினமும் ஏற்றும் கொடிகள். பச்சை என்றால் நீந்தலாம். மஞ்சள் என்றால் காலை நனைக்கலாம், நீந்தக்கூடாது. சிவப்பு என்றால் நீரில் இறங்கவே கூடாது. நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கொடி என்றால் அந்த நேரத்தில் காவல் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை இதை ஒரே மாலையில் கற்றுக்கொள்ளும்.

இனி நான் உண்மையில் எழுத விரும்புவதற்கு வருகிறேன். உங்கள் பட்டியலில் லாகோஸ் ஊரிலிருந்து அல்புஃபைரா வரையிலான கடற்கரைகளே பெரும்பான்மை. பொன்டா ட பியடாட், மரின்யா, பெனகில் என்று உலகமே படம் பிடிக்கும் பொன்னிறப் பாறைக்கரை அது. அந்தப் பாறை, பழங்காலக் கடலின் சிப்பிகள் நிறைந்த மென்மையான சுண்ணாம்புக்கல். மழைநீர் மேலிருந்து அதைக் கரைத்துக் குழிகளாக்குகிறது; அலை கீழிருந்து குடைந்து குகைகளாக்குகிறது. மேற்குழியும் கீழ்க்குகையும் சந்திக்கும் இடத்தில் கூரை விழுகிறது. பெனகில் குகையின் உச்சியில் வட்டமாக வானம் தெரிகிறதே, நீங்கள் படமெடுக்க விரும்பும் அந்தத் துவாரம், அப்படி விழுந்த கூரைதான். அங்கே அழகு என்று நாம் பார்ப்பது அனைத்தும் இடிபாட்டின் வெவ்வேறு கட்டங்கள். வளைவு இடிந்தால் தூண், தூண் இடிந்தால் நீருக்குள் கற்குவியல்.

2009 ஆகஸ்ட் 21 அன்று, அல்புஃபைரா அருகே மரியா லூயிசா கடற்கரையில், விடுமுறைக் கூட்டம் நிறைந்திருந்த பகல் வேளையில், அப்படி ஒரு பாறையின் பகுதி சரிந்து விழுந்து 5 பேர் இறந்தார்கள். புயல் காலத்தில் நடந்ததன்று அது; நீங்கள் போகும் அதே மாதத்தில், மக்கள் துண்டு விரித்துப் படுத்திருந்தபோது நடந்தது.

இதில் யாரும் விளக்கமாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதைத்தான் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். அந்தக் கரை தெற்கு நோக்கியது. பாறைச்சுவர் உங்களுக்கு வடக்கே நிற்கிறது, நண்பகல் சூரியனோ தெற்கிலிருந்து காய்கிறது. செங்குத்தான ஒரு சுவர் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் நிழல் தரவே முடியாது. அப்படியிருந்தும் நண்பகலில் அங்கே உங்களுக்கு நிழல் கிடைக்கிறதென்றால், ஒன்று பாறை உங்கள் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதாவது அதன் அடி குடையப்பட்டுவிட்டது. இல்லையென்றால் கரையிலிருந்து பிரிந்து தனித்து நிற்கும் ஒரு தூணின் பின்னால் நீங்கள் அமர்ந்திருக்கிறீர்கள். இரண்டுமே முதலில் விழக்கூடியவை. ஆகஸ்ட் வெயிலில் குழந்தைக்கு நிழல் தேடும் தாய் கண்டுபிடிக்கும் ஒரே நிழல், அந்தக் கரையிலேயே மிக ஆபத்தான இடத்தில்தான் இருக்கும்.

இதனோடு ஓதத்தையும் சேர்த்துப் பாருங்கள். அட்லாண்டிக்கின் நீர்மட்டம் அங்கே ஏறக்குறைய ஆறேகால் மணி நேரத்தில் தாழ்விலிருந்து உயர்வுக்கு வந்துவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இந்த ஏற்றம் 3 மீட்டரையும் தாண்டும். பாறையின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி அமர வேண்டும் என்பது அந்நாட்டில் சொல்லப்படும் விதி. 20 மீட்டர் உயரமுள்ள பாறைக்கு 30 மீட்டர். வற்றத்தின்போது இந்த 30 மீட்டர் தாராளமாகக் கிடைக்கும். ஏற்றம் தொடங்கியதும் நீர் ஒவ்வொரு குடும்பமாகப் பின்னுக்குத் தள்ளும். யாரும் எழுந்து வீட்டுக்குப் போவதில்லை, துண்டை இரண்டடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அரை மணிக்கு ஒருமுறை இரண்டடி. உச்ச ஏற்றத்தில் மொத்தக் கூட்டமும் பாறையின் அடியில் இருக்கிறது, எவரும் அங்கே வந்து உட்காருவதாக முடிவெடுக்காமலேயே.

கார்வுவெய்ரு அருகே ஒரு சிறு விரிகுடாவில் இதைக் கண்ணால் பார்த்தேன். பாறை விழும் படத்தோடு நின்ற எச்சரிக்கைப் பலகையில் யாரோ ஈரத்துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். அதன் அடியில், குடையப்பட்ட குழிவுக்குள், ஓர் இளம் தம்பதியர் கைக்குழந்தையை உறங்கவைத்திருந்தார்கள். அருகில் சென்று மேலே கை காட்டிச் சொன்னேன். கணவர் மரியாதையாகவே பதில் சொன்னார்: இத்தனை ஆண்டு நின்ற பாறை இன்றைக்கா விழப்போகிறது? அவர்கள் நகரவில்லை. பாறையும் அன்று விழவில்லை. நான் கவலைப்படுவது இதற்காகத்தான். விழாத ஒவ்வொரு நாளும் அங்கே அமர்பவர்களுக்குத் தைரியம் கொடுக்கிறது. பாறையின் பக்கமிருந்து பார்த்தாலோ, விழாமல் நின்ற ஒவ்வொரு ஆண்டும் அதன் அடி மேலும் கொஞ்சம் குடைந்துபோன ஆண்டு. நீண்ட காலம் நின்றிருப்பதை உறுதிக்குச் சான்றாகக் கொள்ள அந்தப் பாறையில் இடமில்லை. உங்கள் பிள்ளைகள் குகை வாயில் விளையாட அடம்பிடிப்பார்கள். விடாதீர்கள். அழட்டும். நிழலுக்குக் குடை வாங்கி மணலின் நடுவில் ஊன்றுங்கள்.

அதற்காகப் பாறைக்கரைக்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போகாமல் திரும்பினால் அது பெரிய இழப்பு. தாழ் ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இறங்கி, நீர் திரும்பிய பிறகு வெகுநேரம் தங்காமல் ஏறிவிடுங்கள். பெனகிலைப் படகிலிருந்து பாருங்கள். குகைக்குள் நீந்திச் செல்வதற்கும் அதன் மணலில் இறங்குவதற்கும் 2024இல் தடை விதித்துவிட்டார்கள், அது சரியான முடிவு. படம் எப்போது நன்றாக வரும் என்ற கேள்வியை வேறு யாரிடமாவது கேளுங்கள்.

சாக்ரெஸ் முனைக்கு அப்பால் உள்ள மேற்குக் கரையை, அதாவது பொர்டைரா, அமாடோ முதலியவற்றை, ஒரு மாலை நின்று பார்த்தால் போதும். கோடையில் வடக்கிலிருந்து வீசும் காற்று மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து விலக்கிவிட, ஆழத்தின் குளிர்நீர் மேலே வருகிறது. ஆகஸ்டிலும் 18 டிகிரி அளவில்தான் இருக்கும். அலையும் இழுப்பும் பலமாக இருக்கும். அலைச்சறுக்கு ஆடுபவர்களுக்கு அது சொர்க்கம், ஆறு வயதுக் குழந்தைக்கு அன்று.

அம்மாவைப் பற்றி எழுதியிருக்கும் வரியைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அவரை அவ்வளவு தூரம் அழைத்துச் சென்று விடுதி அறையில் உட்காரவைப்பதற்கா இந்தப் பயணம்? உங்கள் பட்டியலே அவரை வெளியேற்றிவிட்டது; அதில் இருப்பவை பெரும்பாலும் நூறு படி இறங்கும் கடற்கரைகள். ஃபாரோ நகருக்குக் கிழக்கே அல்கார்வ் முற்றிலும் வேறு நிலம். ரியா ஃபொர்மோசா என்ற காயல், கடலுக்கு முன்னால் நீண்டு கிடக்கும் மணல் தீவுகள், பாறையே இல்லாத அகன்ற கரை. நீர் மேற்கைவிடத் தெளிவாக வெதுவெதுப்பானது. ஸ்பெயின் எல்லையை ஒட்டிய மொன்டி கோர்டோவில் கோடையில் 22, 23 டிகிரி சாதாரணம். தென்கிழக்குக் காற்று வீசும் ஓரிரு நாள்களில் அங்கே கடல் கலங்கும், அவ்வளவுதான்.

தவிரா ஊருக்கு அருகே பர்ரில் என்ற கடற்கரை இருக்கிறது. ஒரு காலத்தில் சூரை மீன் பிடிப்பவர்கள் குடும்பத்தோடு தங்கியிருந்த இடம். காயலைக் கடந்ததும் ஒரு குட்டி ரயில் உங்களை மணல் வரை கொண்டுபோய் விடும். அந்தத் தொழில் அழிந்தபின், பெருவலைகளைக் கடலடியில் பிடித்து நிறுத்திய நங்கூரங்களை மணல்மேட்டில் வரிசை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள், துருப்பிடித்து நூற்றுக்கும் மேலாக. உங்கள் அம்மா அந்த ரயிலில் பேரப்பிள்ளைகளோடு போகட்டும். ஒல்யாவ் துறையிலிருந்து படகேறினால் குலாட்ரா தீவு. அங்கே கார்களே கிடையாது, மீனவர்கள் இன்றும் வாழ்கிறார்கள். ஆறு நாளில் நான்கை இந்தப் பக்கத்துக்குக் கொடுங்கள், தவிராவிலேயே தங்குங்கள். மீதி இரண்டு நாளில் பாறைக்கரை.

அந்த இரண்டு நாள் எவை என்பதை அம்மாவிடம் விடுங்கள். திதி பார்க்கத் தெரிந்தவராகத்தான் இருப்பார். அமாவாசை அல்லது பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் போனால் வற்றத்தில் கரை மிக அகலமாக விரியும், ஏற்றத்தில் முழுவதும் மறையும். நேரம் தவறவே கூடாது. அஷ்டமியை ஒட்டிய நாள்களில் வேறுபாடு குறைவு, அவசரமும் குறைவு. அன்றைய துல்லியமான நேரத்தை உள்ளூர் ஓத அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். அதைப் பார்த்தபின் உங்கள் பதினான்கில் எந்த இரண்டு மிஞ்சின என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.