உறங்கவிடாத எண்ணங்களும் மௌனமாகிவிடும் கணவரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பகல் முழுவதும் ஓரளவு நிதானமாகவே இருக்கிறேன். படுக்கையில் சாய்ந்ததும் முடிக்காத வேலைகள், மறுநாள் எழுத வேண்டிய பதில்கள், மேலாளர் சொன்ன ஒரு சொல் என எல்லாம் வரிசையாக வரத் தொடங்கிவிடுகின்றன. ‘இதை நினைக்காதே’ என்று எனக்கு நானே கட்டளையிட்டால் அவை இன்னும் பெருகுகின்றன. என் மனம் பலவீனமானதா?

பதில்: பலவீனம் என்று எண்ண வேண்டாம். நீங்கள் சொல்வது நலமாக இருக்கும் எவருக்கும் நேரக்கூடியது. ஆய்வுக்கூடத்தில் அதை நிகழ்த்தியே காட்டியிருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், 5 நிமிடங்களுக்கு வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்றும், மீறி நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும் என்றும் பங்கேற்றவர்களிடம் சொன்னார்கள். அவர்களால் மணியை அடிக்காமல் இருக்க முடியவில்லை. பிறகு ‘இனி நினைக்கலாம்’ என்று அனுமதித்தபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றிருந்தவர்களைக் காட்டிலும், முதலில் அடக்கிப் பார்த்தவர்களுக்கே அந்த நினைவு அடிக்கடி வந்தது. ஓர் எண்ணத்தைத் தடுக்க வேண்டுமானால், அது வருகிறதா என்று மனம் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பார்ப்பதே அதை மீண்டும் அழைத்து வந்துவிடுகிறது. ஆகவே உங்கள் கட்டளை தோற்பதற்கு நீங்கள் காரணமல்ல, கட்டளையிடும் முறையே காரணம்.

முடிக்காத வேலை மனத்தை உறுத்துவதை நிறுத்த, அந்த வேலையை அன்றிரவே முடித்தாக வேண்டும் என்பதில்லை. அதை எப்போது, எங்கே, எப்படிச் செய்யப்போகிறோம் என்று தெளிவாகத் தீர்மானித்துவிட்டாலே அந்த உறுத்தல் பெரிதும் அடங்கிவிடுவதை, மாசிகாம்போ, பாமைஸ்டர் ஆகிய உளவியலாளர்கள் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். உறக்கத்தைப் பற்றியே 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் 57 பேர், படுக்கும் முன் 5 நிமிடங்கள் எழுதினார்கள். ஒரு பிரிவினர் வரும் நாட்களில் செய்ய வேண்டியவற்றையும், மற்றவர்கள் ஏற்கெனவே செய்து முடித்தவற்றையும் எழுதினார்கள். செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், சராசரியாக ஏறத்தாழ 9 நிமிடங்கள் முன்னதாகவே உறங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ, அவ்வளவு விரைவாக உறக்கம் வந்தது. சிறிய ஆய்வுதான் என்றாலும் செலவில்லாத வழி என்பதால் நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ‘அறிக்கை’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாமல், ‘காலை பத்து மணிக்கு அறிக்கையின் இரண்டாம் பகுதியைத் திருத்த வேண்டும்’ என்று எழுதுங்கள்.

மேலாளர் சொன்ன சொல் போன்றவற்றை இப்படிப் பட்டியலில் எழுதித் தீர்க்க முடியாது. அவற்றுக்காக மாலையில் அரை மணி நேரத்தை ஒதுக்கி, நாள்தோறும் அதே நேரத்தில், அதே இடத்தில் அமர்ந்து, கவலைப்படுவதை அப்போது மட்டும் முழுமையாகச் செய்யுங்கள். கவலையை ஆராய்ந்த தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1983-இல் முன்வைத்த முறை இது. மற்ற நேரத்தில் அந்த எண்ணம் தலைகாட்டினால், அதை விரட்டாமல், ‘உனக்கு உரிய நேரம் மாலையில் இருக்கிறது’ என்று ஒத்திப்போட்டுவிடலாம். அடக்குவதைவிட ஒத்திப்போடுவது எளிது என்பதைச் சில நாட்களிலேயே உணர்வீர்கள்.

இத்தனைக்குப் பிறகும், வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல், மூன்று மாதங்களுக்கு மேல் உறக்கம் கெட்டுக்கொண்டே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். நாட்பட்ட தூக்கமின்மைக்கு, மாத்திரைக்கு முன்பாகவே பரிந்துரைக்கப்படும் உளவியல் சிகிச்சை இருக்கிறது.

கேள்வி: கோபம் வந்தால் தலையணையை நன்றாகக் குத்தித் தீர்த்துவிடு, மனம் லேசாகிவிடும் என்கிறாள் என் தோழி. சரியா?

பதில்: சரியல்ல. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைச் சினமூட்டியவரை நினைத்தபடியே குத்துப்பையைக் குத்தியவர்களுக்கு, எதுவும் செய்யாமல் சும்மா அமர்ந்திருந்தவர்களைவிடக் கோபம் அதிகமாகவே இருந்தது. கோபம் வரும்போது உடலின் வேகத்தைக் கூட்டாமல் குறைக்கும் செயல்களை, குறிப்பாக மூச்சை மெல்ல நீட்டி வெளிவிடுவதை, நாடுங்கள்.

கேள்வி: எந்தப் பிரச்சினையைப் பேசத் தொடங்கினாலும் என் கணவர் சிறிது நேரத்தில் வாயை மூடிக்கொள்கிறார். முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரிவதில்லை. அவருக்கு என் மீது அக்கறை இல்லை என்றே தோன்றுகிறது. நான் விடாமல் கேட்டால் எழுந்து போய்விடுகிறார்.

பதில்: சகோதரி, உங்கள் வேதனை புரிகிறது. பதில் வராத மௌனம், திட்டு வாங்குவதைவிட அதிகமாகக் காயப்படுத்தக்கூடியது. எனினும் அந்த மௌனத்தின் பொருள் அக்கறையின்மைதான் என்று முடிவுகட்டும் முன் ஒரு செய்தியைக் கேளுங்கள். ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் ஆகிய உளவியலாளர்கள் 1980-களிலிருந்தே, வாதிடும் தம்பதியரின் இதயத் துடிப்பு முதலானவற்றை அளந்து ஆராய்ந்தவர்கள். வெளியே கல்லைப் போல் அமர்ந்திருப்பவரின் உடல், உள்ளே பெரும் பதற்றத்தில் இருக்கக்கூடும். துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும் நிலையில், எதிரே இருப்பவர் சொல்வதை உள்வாங்கவோ, பொருத்தமாகப் பதில் சொல்லவோ மிகவும் கடினமாகிவிடும் என்கிறார் காட்மன். அந்த நேரத்தில் நீங்கள் விடாமல் கேட்பது, உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும், அவரை இன்னும் உள்ளே ஒடுங்கச் செய்யும். அவர் ஒடுங்க ஒடுங்க உங்கள் குரல் உயரும். இருவருமே மற்றவரால்தான் தாம் இப்படி நடப்பதாக நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

நீங்கள் இருவரும் நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு பொழுதில் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். யாருக்கு மூச்சுமுட்டினாலும் அதைச் சொல்லிவிட்டு விலகலாம். ஆனால் எப்போது திரும்பி வந்து பேசுவேன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது பகுதி இல்லாமல் விலகினால், நீங்கள் இப்போது அனுபவிக்கும் அதே புறக்கணிப்புதான் தொடரும். உடல் தணியக் குறைந்தது 20 நிமிடங்களாவது தேவைப்படும். அந்த இடைவெளியில் அடுத்து எப்படி மடக்கலாம் என்று வாதங்களை அடுக்கிக்கொண்டிருந்தால் உடல் தணியாது. நடக்கலாம், ஏதாவது படிக்கலாம். திரும்பி வந்ததும், ‘நீங்கள் எப்போதுமே இப்படித்தான்’ என்று தொடங்காமல், எந்தச் செயல் உங்களை வருத்தியது என்பதை மட்டும் சொல்லுங்கள். நாட்கணக்கில் பேசாதிருந்து உங்களைத் தண்டிப்பதோ, உங்களை அச்சுறுத்துவதோ நடந்தால் இந்த ஆலோசனை பொருந்தாது; உங்கள் பாதுகாப்பை முதலில் நினைத்து, நம்பிக்கைக்குரியவரிடமும் ஆலோசகரிடமும் பேசுங்கள்.

கேள்வி: 21 நாட்கள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று படித்து, தினமும் உடற்பயிற்சி செய்யத் தொடங்கினேன். இடையில் ஒரு நாள் விட்டுப்போயிற்று. திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டுமா?

பதில்: வேண்டாம். 21 என்ற கணக்குக்கு உறுதியான அடிப்படை இல்லை. பிலிப்பா லாலியும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் சக ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து, அந்தப் போக்கை வைத்து மேற்கொண்டு ஆகும் நாட்களையும் கணக்கிட்டபோது, ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழகுவதற்கு 18 நாட்கள் முதல் 254 நாட்கள் வரை ஆகலாம் என்று தெரிந்தது. அவற்றின் நடு அளவு 66 நாட்கள். ஒரு குவளைத் தண்ணீர் குடிப்பது விரைவில் பழகும், உடற்பயிற்சி தாமதமாகவே பழகும். ஒரு நாள் தவறுவதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. நாட்களை எண்ணுவதை விட்டு, பயிற்சியை நீங்கள் அன்றாடம் தவறாமல் செய்யும் ஒரு செயலோடு இணையுங்கள்: பல் துலக்கியதும் பயிற்சி என்பதைப் போல. விட்டுப்போன நாளுக்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய முயல வேண்டாம். வழக்கமான அளவோடு தொடருங்கள்.