பழைய ரேடியோ, கம்ப்யூட்டர் உதிரிகளை வைத்து வீட்டிலேயே கிட்டார் பெடல் செய்ய முடியுமா?

முடியும். பெடல் என்பது காலால் மிதித்து கிட்டார் ஒலியை மாற்றும் சின்னப் பெட்டி. ரங்கூனில் கல்யாணக் கச்சேரிகளுக்கு கிட்டார் வாசிக்கிறவன் நான். என் காலடியில் இருக்கும் மூன்று பெடல்களும் காயலான் சரக்கில் பிறந்தவைதான். 9 வோல்ட் பேட்டரி போதும் என்பதால் கரண்ட் போனாலும் அவற்றுக்குக் கவலையில்லை. ஜெனரேட்டர் வரும்வரை ஆம்ப்தான் வாயை மூடிக்கொண்டிருக்கும்.

இதில் இறங்குகிற எல்லாரும் முதலில் 1960களின் ஜெர்மானியம் டிரான்சிஸ்டரைத் தேடி ஓடுவார்கள். நானும் ஓடினேன். தாத்தாவின் ரேடியோவைப் பிரித்து, அந்த வகை டிரான்சிஸ்டரான ஏசி128 இரண்டை எடுத்து, ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் செய்தேன். ஜனவரியில் அருமையாக இருந்தது. ஏப்ரலில், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா வெயிலில் மேடையில் வைத்தேன். நீட்டிப் பிடித்த ஸ்வரமெல்லாம் பொரிந்து பொரிந்து பாதியில் அறுந்தது. ஜெர்மானியத்தில் சூடு ஏற ஏறக் கசிவு மின்னோட்டம் கூடும். 10 டிகிரிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் ஊர் வெக்கைக்கு அது ஆகாது.

அதனால் செத்துப்போன பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலிருந்து தொடங்குங்கள். சூட்டுக்கு அவ்வளவு அசராத சிலிக்கான் வகை சி945 டிரான்சிஸ்டரும் 1என்4148 டயோடும் பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும். ஆனால் ஒன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேலும் நிற்கலாம். பழைய குண்டு பல்பு ஒன்றைக் குறுக்கே பிடித்து இறக்கிவிட்டு, மல்டிமீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

கரகரப்புக்கான சர்க்யூட் சின்னதுதான். கலெக்டர், பேஸ், எமிட்டர் என்பவை டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள். 9 வோல்ட்டிலிருந்து கலெக்டருக்கு 6.8 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர், கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவில் 2.2 மெக் (மெகா ஓம்), எமிட்டரிலிருந்து கிரவுண்டுக்கு 680 ஓம். கிட்டார் சிக்னல் பேஸ் காலுக்குள் நுழையும் இடத்திலும் கலெக்டரிலிருந்து வெளியேறும் இடத்திலும் தலா ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். வெளியேறும் கெப்பாசிட்டரைத் தாண்டியதும் இரண்டு டயோடு, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில், கிரவுண்டுக்கு. அப்புறம் 100 கே வால்யூம். அலையின் உச்சியை அந்த டயோடுகள் 0.6 வோல்ட் பக்கத்தில் வெட்டிவிடும். நமக்குக் கேட்கும் கரகரப்பு அந்த வெட்டுதான். கலெக்டரில் 4 முதல் 6 வோல்ட் காட்டினால் எல்லாம் சரி.

எனக்கு முதல் நாள் 9 வோல்ட்டும் அப்படியே காட்டியது, சத்தமே இல்லை. ராத்திரி முழுக்கத் தேடினேன். பிசி547 என்ற இன்னொரு டிரான்சிஸ்டர் போலவே நினைத்து சி945-ஐச் செருகியிருக்கிறேன்! கால்கள் கீழே இருக்க, தட்டையான பக்கம் நம்மைப் பார்த்தால் பிசி547-க்கு இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று வரும். சி945-க்கு எமிட்டர், கலெக்டர், பேஸ்.

ரெசிஸ்டரை மீட்டரில் அளந்துவிட்டுப் போடலாம். பழைய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் மட்டும் வேண்டாம், உள்ளே காய்ந்து போயிருக்கும். கை பழகியதும் கெட்டுப்போன கரோக்கி ஆம்ப் ஏதாவது கிடைத்தால் விடாதீர்கள். அதன் எக்கோவுக்குப் பல கம்பெனிகள் போடுவது பிடி2399 சிப். 5 வோல்ட் கொடுத்தால், ஒலியைச் சற்றுத் தாமதித்து மறுபடி கேட்கவைக்கும் நல்ல டிலே பெடல் ஆகிவிடும். மிதிக்கிற ஸ்விட்சைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், எந்தக் குப்பையிலும் எனக்கு அது கிடைத்ததில்லை.

பெட்டி உலோகமாக இருக்கட்டும், கிரவுண்டோடு சேருங்கள். பிளாஸ்டிக் என்றால் ட்யூப்லைட் இரைச்சலெல்லாம் உள்ளே வரும். பிஸ்கட் தகர டப்பா முதல் மிதியிலேயே நசுங்கியது. இப்போது அந்தப் பெடல் அம்மாவின் அலுமினிய டிபன் பாக்ஸில் இருக்கிறது. மூடியை மட்டுமாவது கொடு என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.