சிப்பில் மட்டும் செல்கள் சுருங்குகிறதா? முதலில் ஈரத்தைப் பாருங்கள்

நுண்கால்வாய்கள் உள்ள சிறு சிப்பில் டிங்கி வைரஸ் போட்ட செல்கள் செத்தால், வைரஸைச் சந்தேகிக்கும் முன் ஊடகம் (செல் வளரும் திரவம்) ஆவியாகிறதா என்று பாருங்கள். 96 குழித் தட்டில் 24 மணி நேரம் நன்றாக இருக்கும் மோனோசைட்டுகள் (ஒருவகை வெள்ளை ரத்த அணுக்கள்) சிப்பில் 6 மணி நேரத்தில் சுருங்கிச் சாகின்றன என்றால், எனக்கு அதுதான் முதலில் தோன்றும்.

சிப் செய்யும் சிலிகோன் ரப்பரான பிடிஎம்எஸ் வழியாக நீராவி தாராளமாகக் கசியும். 100 மைக்ரோமீட்டர் உயரம், 1 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் நீளமுள்ள கால்வாயில் பிடிப்பதே 1 மைக்ரோலிட்டர்தான், அதில் 0.2 மைக்ரோலிட்டர் போனாலும் உப்புச் செறிவு கால்வாசி ஏறிவிடும், செல் சுருங்கும். மைக்ரோஸ்கோப் மேடை 37 டிகிரியில், மேலே ஏர்கோன் காற்று நேராக அடிக்கிறது என்றால் கேட்கவே வேண்டாம். பினாங்கில் வெளியே சட்டை பிழியும் அளவுக்கு ஈரம், லேபுக்குள் உதடு வெடிக்கும், நாங்கள் இரண்டு வாரம் வைரஸைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

சோதனை இது:

1. இரண்டு சிப், வைரஸ் வேண்டாம், செல்லும் வேண்டாம், ஊடகம் மட்டும். ஒன்றை நனைத்த டிஷ்யூவோடு மூடிய டப்பாவில் வையுங்கள், மற்றதை இப்போது வைப்பது போலவே வையுங்கள்.
2. நுழைவாயில் பிப்பெட் முனையில் நீர்மட்டத்தை மார்க்கர் பேனாவால் குறித்து, 6 மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

இறங்கியிருந்தால், அடுத்த முறை சிப்பை முதல் நாள் இரவே கிருமிநீக்கிய நீரில் ஊறவைத்து, ஈரமான டப்பாவிலேயே ஓட்டுங்கள்.

ஒன்று மட்டும்: ஈரம் சரியாக இருந்தும் வைரஸ் போடாத செல்களும் செத்தால், சரியாக வெந்து இறுகாத பிடிஎம்எஸ் மிச்சம் காரணமாக இருக்கலாம். வைரஸ் போட்டவை மட்டும் செத்தால் அது உண்மையான முடிவாக இருக்கலாம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.