ரோஸ்வுட்டா மஹோகனியா? மரம் மாறினால் கிட்டாரின் ஒலி மாறுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: முதல் தரமான அகூஸ்டிக் கிட்டார் வாங்கப் போகிறீர்கள். ஒரே மாடல் ரோஸ்வுட்டிலும் கிடைக்கிறது, மஹோகனியிலும் கிடைக்கிறது. மரத்தால் ஒலி நிஜமாகவே மாறுமா, அப்படியென்றால் எதை எடுப்பது?

மாறும். ஆனால் விளம்பரங்களில் ரோஸ்வுட், மஹோகனி என்று போடுவது பின்பலகையையும் பக்கப் பலகைகளையும்தான். ஒலியில் பெரும்பங்கு முன்னால் இருக்கும் மேல்பலகைக்கு. பதினைந்து வருடமாக வாசிக்கிறேன். அதில் முதல் ஆறேழு வருடம் இதைத் தலைகீழாகத்தான் புரிந்து வைத்திருந்தேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கம்பி மெல்லியது. அது மட்டும் தனியாக அதிர்ந்தால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. அதன் அதிர்வு, கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் வழியாக மேல்பலகைக்குள் இறங்குகிறது, அந்தப் பலகைதான் காற்றைத் தள்ளி ஒலியாக்குகிறது. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரண ஸ்டீல் கம்பி செட் ஒன்று பிரிட்ஜை ஏறக்குறைய 70 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டே இருக்கும். அதைத் தாங்கப் பலகை விறைப்பாக இருக்க வேண்டும். கம்பியின் சின்ன அசைவுக்கே ஆடவும் வேண்டும், அதற்கு எடை குறைவாக இருக்க வேண்டும். விறைப்பு அதிகம், எடை குறைவு என்ற இரண்டும் சேர்ந்து அமைந்த மரம் ஸ்ப்ரூஸ். அதில் ஒரு வகையான சிட்கா ஸ்ப்ரூஸ், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 425 கிலோதான் இருக்கும். ரேகை ஓடும் திசையில் அதன் விறைப்பு, குறுக்குத் திசையில் இருப்பதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். உலகத்தில் பெரும்பாலான நல்ல கிட்டார்களின் முகம் வெளிர் மஞ்சளாக இருப்பது இதனால்தான்.

ஸ்ப்ரூஸுக்கு அடுத்தது சிடார். இன்னும் லேசானது, இன்னும் மிருதுவானது, நகம் பட்டாலே பள்ளம் விழும். மெதுவாகத் தொட்டாலும் உடனே நிறைந்து ஒலிக்கும், குரலில் ஒரு கதகதப்பு இருக்கும். ஆனால் பிக் என்ற சின்னத் தகட்டை வைத்து எல்லாக் கம்பிகளையும் ஓங்கி ஸ்ட்ரம் செய்தால் ஓர் அளவுக்கு மேல் ஒலி ஏறாது, கலங்கலாகிவிடும். ஸ்ப்ரூஸ் அதற்கு மேலும் கொடுத்துக்கொண்டே போகும். 1960-களில் மாட்ரிட்டின் ஹோசே ராமிரெஸ் பட்டறை சிடாரைக் கையில் எடுத்தபிறகு கிளாசிக்கல் கிட்டார்களில் அது பரவலானது. நைலான் கம்பியை விரலால் மீட்டுகிறவர்களுக்கு அது பொருந்தியதில் வியப்பில்லை. மேல்பலகையும் மஹோகனியாகவே இருக்கும் கிட்டார்களும் உண்டு. பாடகருக்குப் பின்னால் அடக்கமாக வாசிக்க அவை அருமையானவை.

கிட்டார் செய்யும் ஒருவரின் பட்டறையில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒட்டாத பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் விளிம்புக்குச் சற்று உள்ளே இரண்டு விரலால் தொங்கவிட்டாற்போல் பிடித்து, மறுகை விரல் முட்டியால் தட்டினார். ரோஸ்வுட் கிண்ணென்று மணி அடித்ததுபோல் ஒலித்து, அடங்கவே நேரம் எடுத்தது. மஹோகனி டொக்கென்று தட்டிவிட்டு நின்றுகொண்டது. மேப்பிள் அதைவிடவும் சீக்கிரம் அடங்கியது. அப்புறம் இரண்டு ஸ்ப்ரூஸ் பலகைகளை என் கையில் கொடுத்து, "பேரைக் கேக்காதீங்க தம்பி, தட்டிப் பாத்துச் சொல்லுங்க" என்றார். ஒன்று தெளிவாக டங்கென்றது, கார்வை நீண்டது. மற்றது அட்டையைத் தட்டினமாதிரி மந்தமாக இருந்தது. இரண்டும் வெவ்வேறு மரவகை என்றுதான் நினைத்தேன். இரண்டுமே சிட்கா.

மரத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் பலகைக்குப் பலகை இவ்வளவு வேறுபடும். அதற்குமேல் செய்பவரின் கை இருக்கிறது. மேல்பலகையின் கனம் பெரும்பாலும் 3 மில்லிமீட்டருக்குள்தான். வளைவுக்கு எதிரான விறைப்பு கனத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். அதாவது கனத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் விறைப்பு முப்பத்துமூன்று சதவீதம் கூடிவிடும். இழைப்புளி இரண்டு முறை கூடுதலாக ஓடினால் ஒலியே வேறு. உள்பக்கம் ஒட்டியிருக்கும் பிரேசிங் குச்சிகளும் அப்படித்தான். அவற்றைச் சீவி லேசாக்கினால் பேஸ், அதாவது கீழ் ஸ்தாயி ஒலி, திறக்கும், தடியாக விட்டால் பலகை வாயடைத்துப் போகும். உயர்ந்த ஸ்ப்ரூஸைத் தடிமனாக விட்டுவிட்ட கிட்டாரைவிட, சுமாரான ஸ்ப்ரூஸைச் சரியாக இழைத்த கிட்டார் நன்றாகப் பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

சரி, ரோஸ்வுட்டுக்கும் மஹோகனிக்கும் வருவோம். இந்திய ரோஸ்வுட் என்பது நம் ஈட்டி மரம்தான், தோதகத்தி என்றும் சொல்வோம். கன மீட்டருக்கு 800 கிலோவுக்கு மேல் எடை. மஹோகனி 600 கிலோவை ஒட்டி நிற்கும். கனமான, அதிர்வை விழுங்காத மரம் பின்னால் இருந்தால் பேஸ் ஆழமாகும், மேலே பளபளப்பு கூடும், கார்டு (பல சுருதிகள் சேர்ந்த கொத்து) அடித்தபிறகு நெடுநேரம் மிதக்கும் என்பது வழக்கமான வர்ணனை. மஹோகனியில் சுருதிகள் தனித்தனியாகக் கேட்கும், நடு ஸ்தாயி முன்னால் வரும், வால் நீளாது என்பார்கள். என் இரண்டு கிட்டார்களிலும் இந்தச் சாயல் இருக்கத்தான் செய்கிறது. கேள்வி, அது எவ்வளவு என்பதுதான்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். என் பின்னால் தம்பி இரண்டு கிட்டாரையும் மாற்றி மாற்றி, ஒரே நான்கு கார்டுகளை வாசித்தான். பத்துக்கு ஆறுதான் சரியாகச் சொன்னேன். தவறிய நான்கில் மூன்று முறை மஹோகனியை ரோஸ்வுட் என்று சொல்லியிருந்தேன். யோசித்தபோது காரணம் புரிந்தது: அந்த வாரம்தான் மஹோகனிக்குப் புதுக் கம்பி போட்டிருந்தேன். கம்பியின் புதுமை, இரண்டு மரங்களுக்கு இடையே இருந்த வேறுபாட்டை மூடிவிட்டது.

இது என் காதின் குறை மட்டும் இல்லை. 2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே முறைப்படி சோதித்தார்கள். மேல்பலகையும் அமைப்பும் ஒன்றே, பின்பலகையும் பக்கங்களும் மட்டும் வேறு என்று ஆறு கிட்டார்கள்: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். வாசித்தவர்கள் 52 கிட்டார் கலைஞர்கள். மங்கிய வெளிச்சத்தில், கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு வாசித்தார்கள். ஆறுக்கும் கொடுத்த மதிப்பெண்களில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. பெயர்பெற்ற பிரேசில் ரோஸ்வுட்டும் மற்றவற்றைத் தாண்டி நிற்கவில்லை. காடுகளில் அருகிப்போன மரம் அது. 1992 முதல் அதன் சர்வதேச வணிகத்துக்கே தடை இருக்கிறது. அதைத் தேடி அலைவதை நாம் நிறுத்திக்கொண்டால் நல்லது என்று உண்மையிலேயே நினைக்கிறேன்.

இதைவிடப் பழைய சான்றும் உண்டு. இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் வடிவத்தைத் தந்த அந்தோனியோ தே தோரெஸ் 1862-இல் ஒரு கிட்டார் செய்தார். மேல்பலகை நல்ல மரம், பின்பக்கமும் பக்கங்களும் வெறும் காகித அட்டை. ஒலி மேல்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டவே அப்படிச் செய்தார் என்பார்கள். பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

அதற்காகப் பின்பலகை வீண் என்று சொல்ல வரவில்லை. உடம்போடு அணைத்துப் பிடிக்கும்போது வயிற்றிலும் மார்பிலும் அந்த அதிர்வு தெரியும், அது வாசிக்கும் விதத்தையே மாற்றும். எடையும் கையில் தெரியும். ஆனால் ஒலிக்காக மட்டும் ரோஸ்வுட்டுக்கு ஏறுவதாக இருந்தால், அதற்கு முன் உங்கள் மாடலின் மேல்பலகை சாலிட்டா (முழு மரம்) லேமினேட்டா (அடுக்கி ஒட்டிய பிளைவுட்) என்று பாருங்கள். ஒலித்துளையின் விளிம்பில் தெரியும். மேலே ஓடும் ரேகை விளிம்பு வழியாக அப்படியே உள்ளே இறங்கினால் சாலிட். விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். ஸ்ப்ரூஸ் பிளைவுட்டின் பின்னால் எந்த மரத்தை வைத்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது.

இரண்டும் சாலிட் டாப் என்றால் அந்த இரண்டையும் நேரில் கேளுங்கள். இரண்டிலும் ஒரே வயதுக் கம்பி இருக்க வேண்டும். முதலில் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லி, நீங்கள் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம் நீங்கள் வாங்கி, இரண்டாம் கம்பியில் ஏழாவது ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டை) அழுத்தி ஒரே ஒரு சுருதியை மீட்டிவிட்டு, அது அடங்கும்வரை கையை எடுக்காமல் இருங்கள். நல்ல பலகையில் அது மெல்ல மெல்லத் தேயும். மோசமான பலகையில் பாதி வழியில் சட்டென்று அறுந்துவிடும். எதில் அது நீள்கிறதோ அதை எடுங்கள், பின்னால் எந்த மரமாக இருந்தாலும் சரி.