கிண்டி கிடைக்காவிட்டால் என்ற பயத்துக்கு ஒன்றரை வட்டி

கேள்வி: ஐயா, சங்ககிரிப் பக்கம் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சம்பளம் 36,000 ரூபாய். மனைவி தையலில் 8,000 வரை சம்பாதிக்கிறார். வீட்டுக் கடனுக்கு 11,500, ஏலச்சீட்டுக்கு 5,000, வீட்டுச் செலவு 18,000, எட்டாவது படிக்கும் மகனுக்கு மாதம் 4,000 ஆகிறது. அஞ்சலகத்தில் மூன்றரை லட்சம் டெபாசிட் இருக்கிறது. மகள் நாமக்கல் பக்கம் விடுதியில் தங்கி ப்ளஸ் டூ முடித்தாள். கட்ஆஃப் 195.5, பி.சி. பிரிவு. கிண்டி பொறியியல் கல்லூரிதான் வேண்டும் என்கிறாள். கிடைக்குமா என்று தெரியவில்லை. "கிடைக்காட்டி நடுத்தெருவுல நிப்பீங்களா? ஒரு சீட்டைக் கையில வெச்சுக்கோங்க" என்று மனைவியின் அண்ணன் விடாமல் சொன்னதால், வளையலை ஒன்றரை வட்டிக்கு 75,000 ரூபாய்க்கு அடகு வைத்து சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு 50,000 கட்டினேன். சீட் பிடித்துக் கொடுப்பதற்காக மச்சானின் நண்பருக்கு 25,000 கொடுத்தேன். இன்னும் 2.25 லட்சம் இந்த மாதக் கடைசிக்குள் கட்டச் சொல்கிறார்கள். ஆரத்தை வைக்கலாமா, கல்லூரியிலேயே சொல்லும் வட்டியில்லா இ.எம்.ஐ.யில் போகலாமா? கட்டணம் விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு நாலரை லட்சம். நானும் மனைவியும் பள்ளிப் படிப்போடு நின்றவர்கள்.

பதில்: ஆரத்தைப் பெட்டியிலேயே வையுங்கள். 2.25 லட்சத்தை எந்த வழியிலும் கட்ட வேண்டாம்.

கலந்தாய்வு எப்படி நடக்கிறது, தரவரிசை என்றால் என்ன என்பதெல்லாம் உங்கள் மகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 195.5 வாங்கிய பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர நான் தேவையில்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு இடித்தது வேறு. மச்சான் ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் அடகுக் கடைக்குப் போகிறீர்கள். பதினொன்றாவதில் விடுதிக் கட்டணத்துக்கு வைத்த செயினை இந்தப் பொங்கலுக்குத்தான் மீட்டதாகக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். நாலு மாதம்கூட ஆகவில்லை, வளையல் போய்விட்டது.

முதலில் அந்த வளையலின் கணக்கு. 75,000 ரூபாய்க்கு ஒன்றரை வட்டி என்றால் மாதம் 1,125. வருடத்துக்கு 18 சதவீதம். அதே நேரத்தில் அஞ்சலகத்தில் உங்கள் மூன்றரை லட்சம் ஏழு சதவீதத்தை ஒட்டிய வட்டியில் தூங்குகிறது. சேமிப்பைத் தொடக்கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் ஏழுக்குப் போட்டுவிட்டுப் பதினெட்டுக்கு வாங்குவதைச் சேமிப்பு என்று சொல்ல முடியாது. டெபாசிட்டை முன்கூட்டியே முடிக்க முடியுமா, வட்டி எவ்வளவு குறையும் என்று அஞ்சலகத்தில் கேளுங்கள். முடியுமென்றால் 75,000 எடுத்து இந்த வாரமே வளையலை மீட்டுவிடுங்கள்.

இப்போது பெரிய கணக்கு. உங்கள் வரவு 44,000. நீங்கள் எழுதிய செலவுகளைக் கூட்டினால் 38,500. மிச்சம் 5,500. ஆரமும் அடகுக்குப் போனால் மொத்தம் மூன்று லட்சத்துக்கு மாத வட்டியே 4,500. அதாவது ஒரு நாள்கூடப் பாடம் நடக்கும் முன்பே உங்கள் மாத மிச்சத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

நான்கு ஆண்டுக்கு 18 லட்சம். நகை வைத்துக் கல்லூரிக்குக் கட்டும் 2.75 லட்சம் போனால் மீதி சுமார் 15 லட்சத்தைக் கல்விக் கடனில் வாங்குவீர்கள். ஆண்டுக்கு 3.75 லட்சமாக வங்கி கொடுக்கிறது, வட்டி பத்தரை சதவீதம் என்று வைப்போம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை கட்ட வேண்டியதில்லை என்பதால் நிம்மதியாக இருக்கும். ஆனால் பணம் கொடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். முதல் ஆண்டுப் பணத்துக்கு ஐந்து வருட வட்டி, இரண்டாம் ஆண்டுப் பணத்துக்கு நாலு என்று தனிவட்டியாகப் போட்டாலே ஐந்தரை லட்சம் சேர்கிறது. கட்டத் தொடங்கும் அன்று கடன் 15 அல்ல, இருபதரை லட்சம். பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 27,700.

அந்தத் தவணையைக் கட்டப்போவது உங்கள் மகள். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் கல்லூரிக்கு வந்து கூட்டமாக எடுக்கும்போது கொடுக்கும் தொடக்கச் சம்பளம் பல ஆண்டுகளாகவே வருடத்துக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. பிடித்தம் போகக் கைக்கு வருவது 25,000 சொச்சம். அதைவிடத் தவணை அதிகம். அவளுக்கு நல்ல வேலை கிடைத்து இரண்டு மடங்கு சம்பளம் வந்தாலும், பாதி வங்கிக்குத்தான் போகும். இன்னொன்று: ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கிகள் பொதுவாகப் பிணை கேட்கும். உங்களிடம் இருக்கும் சொத்து வீடு ஒன்றுதான். அது ஏற்கெனவே அடமானத்தில் இருக்கிறது. அப்புறம் மச்சான் தன் தோட்டத்துப் பத்திரத்தைக் கொடுப்பாரா? கேட்டுப் பாருங்கள், அவர் குரல் எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம்.

"வட்டியில்லா இ.எம்.ஐ." பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நாலரை லட்சத்தைப் பத்துத் தவணையாகப் பிரித்தால் மாதம் 45,000. உங்கள் குடும்ப வருமானம் 44,000. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டியதில்லைதான். இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது சேர்க்கை நடக்கும் இடமெல்லாம் ஒரு மேசை போட்டு டேப்லெட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். அது கல்லூரி உங்களுக்குக் கொடுக்கும் சலுகை என்று நினைக்காதீர்கள். ஒரு நிதி நிறுவனம் உங்கள் பான் எண்ணில் கொடுக்கும் கடன் அது. பணம் நேராகக் கல்லூரிக்குப் போய்விடும். நாளைக்குக் கிண்டியே கிடைத்து சீட்டை விட்டாலும், கல்லூரி பணத்தைத் திருப்பும்வரை தவணை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். தவறினால் சிபிலில், அதாவது வங்கிகள் பார்க்கும் கடன் பதிவில், உங்கள் பெயர்தான் கெடும்.

நீங்கள் அனுப்பிய ரசீதின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மகளின் பெயர் இருக்கிறது, தொகை இருக்கிறது, முத்திரை இருக்கிறது. "பாடப்பிரிவு" என்று அச்சடித்த இடத்தில் எதிரே வெறும் கோடு. 50,000 கட்டி நீங்கள் கையில் வைத்திருப்பது சீட்டே இல்லை. எந்தப் பிரிவு என்றுகூட அவர்கள் எழுதித்தரவில்லை. கணினிப் பிரிவு என்று மச்சானின் நண்பர் வாயால் சொன்னதை யாரிடம் காட்டுவீர்கள்?

அந்த 50,000 திரும்ப வர வழியிருக்கிறது. சேர்க்கையை ரத்து செய்பவர்களுக்குப் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு கெடுத்தேதியோடு அறிவிக்கிறது. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை ரத்து செய்தவர்களுக்கு முழுத் தொகை, அக்டோபர் 31 வரை என்றால் 1,000 ரூபாய்க்கு மிகாமல் பிடித்துக்கொண்டு மீதி. இந்த ஆண்டுக்கான தேதியைப் பார்த்து, அதற்குள் ஸ்பீடு போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் கடிதம் அனுப்புங்கள். "திருப்பித் தர இயலாது" என்று அவர்கள் ரசீதில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். அசல் மதிப்பெண் பட்டியலையோ டி.சி.யையோ கொடுத்திருந்தால் அதுதான் முதல் வேலை, உடனே வாங்கிவிடுங்கள். அவற்றைப் பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

நண்பருக்குக் கொடுத்த 25,000க்கு ரசீது இல்லை. இருக்கவும் இருக்காது. நன்கொடை வசூலைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992இலேயே வந்துவிட்டது. அதனால் இந்த மாதிரிப் பணமெல்லாம் கையிலிருந்து கைக்குத்தான் போகும். மச்சானை வைத்தே கேளுங்கள். வந்தால் சரி. வராவிட்டால் அந்த 25,000ஐக் காப்பாற்ற இன்னும் இரண்டேகால் லட்சத்தைப் போடாதீர்கள். இப்படித்தான் பெரும்பாலானவர்கள் மாட்டுகிறார்கள்: "ஏற்கெனவே இவ்வளவு கட்டியாச்சே" என்று.

சரி, கிண்டி கிடைக்காவிட்டால்? மாற்று ஏற்பாடு வேண்டும் என்று மச்சான் சொன்னது சரிதான். ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று நினைத்ததுதான் தப்பு. மாற்று ஏற்பாடு கலந்தாய்வுக்கு உள்ளேயே இருக்கிறது, நீங்கள் கட்டிய 500 ரூபாய் பதிவுக் கட்டணத்தில். விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். மேலே கனவுகளை வைத்தால் கீழே இருப்பது கை நழுவிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படிக் கிடையாது. மேலிருந்து கீழாகப் பார்த்து, அவள் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய முதல் இடத்தைத்தான் ஒதுக்குவார்கள். ஒதுக்கியதை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே இருப்பதற்காகக் காத்திருக்கும் வழியும் உண்டு. பட்டியல் குட்டையாக இருந்தால்தான் ஆபத்து.

கிண்டியில் கணினிப் பிரிவு 195.5க்கு எட்டுவது கடினம், அதை மகளிடம் சொல்லிவிடுங்கள். மற்ற பிரிவுகளுக்குக் கடந்த ஆண்டு பி.சி. பிரிவில் கடைசியாக இடம் கிடைத்தவரின் கட்ஆஃப் என்ன என்று பார்த்து, அதற்கு ஒன்றிரண்டு மதிப்பெண் இப்படி அப்படி இருப்பதையெல்லாம் "தெரியாது" என்ற கூடையில் போடுங்கள். அவற்றைப் பட்டியலில் மேலே எழுதிவிட்டு அடுத்து குரோம்பேட்டை எம்.ஐ.டி.யைப் போடுங்கள். அதற்குக் கீழே கோவை ஜி.சி.டி., பி.எஸ்.ஜி. டெக், சி.ஐ.டி., மதுரை தியாகராசர். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: சில கல்லூரிகளில் ஒரே பிரிவு இரண்டு முறை வரும், ஒன்றின் பக்கத்தில் "எஸ்.எஸ்." என்று இருக்கும். அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல். பெயரைப் பார்த்துவிட்டுக் கட்டணத்தைப் பார்க்காமல் வரிசை போடாதீர்கள்.

அதற்கும் கீழே போட வேண்டியவை உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன, நீங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. சேலம் கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரி, ஈரோடு சித்தோட்டில் இன்னொன்று. இரண்டுக்கும் சங்ககிரியிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். கருப்பூரில் வீட்டிலிருந்து போய்ப் படித்தால் புத்தகம், லேப்டாப், பஸ் எல்லாம் சேர்த்து நான்கு ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்குள் முடித்துவிடலாம் என்பது என் தோராயக் கணக்கு. கிண்டியே கிடைத்தாலும் விடுதியோடு ஆண்டுக்கு ஒரு லட்சத்தை ஒட்டித்தான் வரும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, அரசு ஒதுக்கீட்டில் நல்ல சுயநிதிக் கல்லூரிகள் நாலைந்து. இதற்கு 2017இல் கட்டணக் குழு வைத்த தொகை 50,000, தரச்சான்று பெற்ற பிரிவுக்கு 55,000. அதன் மேல் பஸ், தேர்வு, அது இது என்று போடுவார்கள். இப்போதைய தொகையை நேரில் கேட்டு எழுதி வாங்குங்கள். நான் ஒரு லட்சம் என்றே வைக்கிறேன். நீங்கள் இருவரும் பட்டதாரி இல்லை, இவளுக்கு முன் வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சலுகையில் ஆண்டுக்கு 25,000 அளவில் குறையும். 75,000 வீதம் நாலு வருடம், மூன்று லட்சம். அவசியமென்றால் பிணையில்லாக் கல்விக் கடனுக்குள் அடங்கிவிடும் தொகை. இந்தச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டுமே. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இல்லை. மச்சானின் நண்பர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

இந்தக் கல்லூரிகளில் படித்து வாங்கும் பட்டத்திலும் அண்ணா பல்கலைக்கழகம் என்றுதான் இருக்கும். சுயநிதிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் வாசலில் ஒட்டிய அதிகபட்சச் சம்பளத்தையும் பார்க்காதீர்கள். அந்தக் கல்லூரியில் அதே பிரிவில் போன வருடம் முடித்த இரண்டு பேரைப் பிடித்து, வகுப்பில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேளுங்கள். சங்ககிரி பஸ் நிலையத்தில் காலையில் கல்லூரிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளிடம் கேட்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

மகன் பெயரில் போடச் சொல்லி வங்கியில் கேட்பதாகக் கடிதத்தில் எழுதியிருக்கும் "குழந்தை எதிர்காலத் திட்டம்" யூலிப் வேண்டாம். காப்பீடும் முதலீடும் ஒரே பையில் வரும்போது செலவு எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. மாதம் மிஞ்சும் 5,500இல் 3,000ஐ அஞ்சலக ஆர்.டி.யில் போடுங்கள், போதும். மச்சானிடம் பேசுவதற்கு முன் இ-சேவை மையத்துக்குப் போய் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். வருவாய்த்துறையில் கையெழுத்தாகி வர நாளாகும், கலந்தாய்வுத் தேதி உங்களுக்காகக் காத்திருக்காது.