டென்வரா, சியாட்டிலா?

கேள்வி: மகளுக்கு அமெரிக்காவில் இரண்டு ஊர்களிலும் வேலை கிடைத்திருக்கிறது. சனி, ஞாயிறில் காரில் மலைக்குப் போய்வர எது வசதி?
– வாசகி, கோத்தகிரி

பதில்: டென்வர்தான். சியாட்டிலிலிருந்து ரெய்னியர் மலைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டென்வரிலிருந்து ராக்கி மலைத் தேசியப் பூங்கா சுமார் 110 கி.மீ., ஒன்றரை மணி நேரம். அங்கே டிரெயில் ரிட்ஜ் சாலை 3,713 மீட்டர் வரை ஏறுகிறது. நம் தொட்டபெட்டாவே 2,637தான். ஆகவே மலையில் வளர்ந்தவருக்கும் தலைவலி வரலாம். முதல் இரவு பூங்காவை ஒட்டிய எஸ்டெஸ் பார்க் என்ற ஊரில் தங்கி, தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். அக்டோபர் நடுவிலிருந்து மே கடைசிவரை பனியால் அந்தச் சாலையைப் பெரும்பாலும் மூடிவிடுவார்கள்.

இறக்கத்தில், நம் ஊட்டி–மசினகுடி வழியிலுள்ள கல்லட்டி மலைப்பாதைக்குச் சொல்வதேதான்: பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். ஆட்டோமேட்டிக் காரானாலும் கியரைக் குறைத்தே இறங்க வேண்டும்.