எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) விடுதலையானால் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய முடியுமா?

என் தம்பியைத் தாக்கியவர்கள் விடுதலையாகிவிட்டார்கள், அரசும் மேல்முறையீடு செய்யவில்லை, இனி வழியே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். வழி இருக்கிறது. 2009 இறுதி வரை விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்வது பெரும்பாலும் அரசின் கையில்தான் இருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தம், பாதிக்கப்பட்டவருக்கே அந்த உரிமையை வழங்கியது. அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 413ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. இதற்கு உயர் நீதிமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் மல்லிகார்ஜுன் கோடகாலி வழக்கில் தெளிவுபடுத்தியது. நடுவர் நீதிமன்றத் தீர்ப்பானால் அமர்வு நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். மேல்முறையீட்டுக்காகத் தீர்ப்பு நகலுக்கு உடனே மனுப் போடுங்கள்.

எதிரிகளைக் குறைந்த குற்றத்துக்குத் தண்டித்தாலும், இழப்பீடு போதாவிட்டாலும் இவ்வுரிமை உண்டு. ஆனால் தண்டனைக் காலம் குறைவு என்ற காரணத்துக்காக மேல்முறையீடு செய்யும் உரிமை அவருக்கு இல்லை. இந்த இடைவெளி எனக்கு நியாயமாகப் படவில்லை. விசாரணையின்போதும் உங்கள் வழக்கறிஞர் அரசு வழக்கறிஞருக்குத் துணையாக இருக்கலாமே தவிர, சாட்சியைத் தாமே குறுக்கு விசாரணை செய்ய முடியாது. கேட்க வேண்டிய கேள்வியை அரசு வழக்கறிஞர் வழியாகவே கேட்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் இரண்டு வழக்கறிஞர்களை எதிர்கொள்ளும் நிலை வரக் கூடாது என்பதால் இந்தக் கட்டுப்பாட்டை ஏற்கலாம்.

வழக்கு விடுதலையில் முடிந்தாலும், பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவைப்பட்டால் அதே சன்ஹிதாவின் 396ஆம் பிரிவின்படி விசாரணை நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். தொகையை முடிவு செய்வது சட்டப் பணிகள் ஆணைக்குழு. தம்பியின் மருத்துவச் செலவு ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.